இரைச்சல் என்று கழிக்கப்பட்ட குரல்

அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. கூப்பிட்டவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நேரில் "மேடம்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வடிகட்டி. அவள் காதுக்கு எட்டாது என்ற தைரியத்தில்தான் சொன்னார்கள். அந்தக் காதுக்கு எட்டாதது ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெயர் பொருத்தமானதுதான். போனில் ஒருவர் பேசும்போது அவர் குரலை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் வடித்துக் கொட்டுவது அவள் வேலை. மின்விசிறி, லாரி, மழை, பக்கத்து வீட்டுத் துளை போடும் மிஷின் எல்லாம் போய்விட வேண்டும். பேசுகிறவர் எந்த நெரிசலில் நின்று பேசினாலும், மறுமுனையில் இருப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. போனுக்குள் நுழையும் ஒலியை ஒரு நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் முறை அளந்து எண்களாக்குவார்கள். அந்த எண்களைப் பொடிப்பொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் கனத்த ஒலி எவ்வளவு, கீச்சென்ற ஒலி எவ்வளவு என்று பிரித்து வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேள்வி: இதில் எது மனிதன், எது இரைச்சல்? வடிகட்டி எழுதிய நிரலில் அதற்கு எளிய விடை இருந்தது. மனிதக் குரல் ஏறும், இறங்கும், மூச்சு வாங்க நிற்கும். இரைச்சல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே எது ஒரே சீராக இருக்கிறதோ அதை அளந்து கழித்துவிடு. மிஞ்சுவது மனிதன்.

இந்த விடையை மெருகேற்றுவதில் பதினோரு வருடம் போயிற்று. ஏழாவது மாடியில் ஒரு மூலையறை. சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாவற்றிலும் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்தினால் தன் கழுத்து நரம்பு துடிப்பது தனக்கே கேட்கும். புதிதாக வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே ஓடிவிடுவார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் மதியம்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிராது. சில நாள் சாயங்காலம் பஸ்ஸில் "ஒரு டிக்கெட்" என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறக்கிறோம் என்று தெரியும். குரல் கரகரவென்று வரும்.

நாற்பத்தாறு வயது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கல்யாணம் ஆகி நாலு வருடம் ஒருவரோடு வாழ்ந்தாள். அவர் கெட்டவர் இல்லை. பிரிந்து போகும்போது ஒன்று சொன்னார்: "நான் என்ன சொல்றேன்னு நீ கேட்டதே இல்ல. என் குரல் எப்படி இருக்குன்னுதான் கேட்ட." அவர் சொன்னபோது தொண்டையில் சளி கட்டியிருந்ததைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் போன் செய்வான். அவளுடைய கம்பெனி ஆப்பில்தான். அண்ணனுக்கு அதில் பெருமை. தங்கச்சி செய்த சாமான் என்று எல்லோரிடமும் சொல்வான். அவளுக்கோ அது இன்னொரு சோதனை அழைப்பு. 'ச' வரும் இடத்தில் ஒலி கொஞ்சம் நசுங்குகிறதே, வாக்கியக் கடைசியில் மூச்சைச் சேர்த்து வெட்டுகிறதே என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே "ம்... ம்..." என்பாள்.

"என்ன ம்? நான் என்ன சொன்னேன்?"

"கேட்டுட்டுதாண்ணா இருக்கேன். நல்லா இருக்கு."

"எது நல்லா இருக்கு? அண்ணிக்கு முட்டியில ஆபரேஷன்னு சொன்னேன்."

அண்ணன் அதை ஒரு வாரம் சொல்லிக்காட்டினான். பிறகு விட்டுவிட்டான். அழைப்புகளும் வர வரச் சுருங்கிப்போயின.

அந்த வருடத் தொடக்கத்தில் ஆப்பின் புதிய பதிப்பு வந்தது. அதுவரை இரைச்சல் நீக்கத்தை வேண்டுமானால் அணைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னது அவள்தான். "ஆயிரத்துல ஒருத்தர்கூட அதைத் தொடறதில்ல. தொடறவங்களும் கை தவறித் தொட்டுட்டு, சத்தமா இருக்குன்னு புகார் பண்றாங்க." குழுத் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் "அவசரம்" என்று தொடங்குவதால் அவருக்கு அவசரம் என்றே பெயர். "அவசரம் மேடம், இன்னைக்கே எடுத்துடுங்க" என்றார். எடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் பிடிக்கக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். அகன்ற தோள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. சவரக் கருவி அளவில் உருளையாக ஒன்றைத் தாடைக்கு அடியில் அழுத்தி வைத்துப் பேசினார். வண்டு பேசுவதுபோல் ஒரே சுருதியில் குரல் வந்தது. மேசையில் இருந்த பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தாள்.

"மேடம், இவர் ஏதோ சொல்றார். எனக்குப் புரியல. கொஞ்சம் பயமாவும் இருக்கு."

"பயப்படாதம்மா," என்றது வண்டுக் குரல். "கடிக்க மாட்டேன். உங்க போன் என் பேச்சை முழுங்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஒவ்வொரு எழுத்தும் வடிகட்டிக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் காய்கறி மொத்தச் சந்தையில் முப்பத்தெட்டு வருடம் ஏலம் விட்டவர். ஒலிபெருக்கி இல்லாமலே சந்தையின் அந்தக் கடைசிவரை போகும் குரல். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு. பேச்சுக்கு இந்தக் கருவி. அது கழுத்தில் அதிரும். அந்த அதிர்வை வாயும் நாக்கும் உதடும் சொல்லாக்கும்.

"ஐயா, மேல வாங்க. உங்க போனையும் எடுத்துட்டு வாங்க," என்றாள்.

மூலையறையில் அவரை உட்காரவைத்து, அவர் போனிலிருந்து தன் போனுக்கு அழைக்கச் சொன்னாள். அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். ஏலக்காரரின் உதடுகள் அசைந்தன. முதல் அரை நொடிக்கு 'ஹ' என்று ஏதோ வந்தது. பிறகு ஒன்றுமில்லை. சுத்தமான அமைதி. கம்பெனி ஐந்து வருடமாக விருதுக்கு அனுப்பும் அதே அமைதி. திரையில் பார்த்தாள். உள்ளே நுழையும் இடத்தில் ஒலி மலைபோல் இருந்தது. வெளியே வரும் இடத்தில் தரைமட்டம். ஒரே சுருதி, ஒரே வலு, நிற்காத அதிர்வு. அவள் எழுதியதை அவள் எழுதியபடியே நிரல் செய்திருந்தது. சீராக இருப்பது இரைச்சல். கழித்துவிடு.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் திறந்து மூடியது. கை விரித்து ஏதோ விளக்கினார். கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வடிகட்டி காதுக்கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "என்ன சொன்னீங்கய்யா?"

"கேக்கலையா? அதான் சொன்னேன்."

மகள் கடல் தாண்டி வேறு நாட்டில் இருக்கிறாள். ஒரே மகள். மனைவி போன பிறகு "இங்க வந்துடுங்கப்பா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூலையில உக்கார வச்சு வேடிக்கை பாக்கவா கூப்பிடற? இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அது மட்டும் ரொம்பத் தெளிவாப் போய்ச் சேந்துச்சுமா," என்றார்.

மறுவாரம் புதிய பதிப்பு வந்தது, போன் கடைக்காரர் அவருக்காக அணைத்து வைத்திருந்த பொத்தான் போயிற்று. மனசு கேட்காமல் அவரே அழைத்தார். மகள் எடுத்தாள். அவர் பேசினார். "அப்பா? பேசுங்கப்பா" என்று அவள் சொல்வது அவருக்குக் கேட்டது. அவர் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே. பதினோரு தடவை. கடைசித் தடவை மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "பேசாம இருந்து என்னைத் தண்டிக்கறதுக்காகவா கூப்பிடறீங்க? வேண்டாம்ப்பா." அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

எழுத்து அவருக்குக் கைவராது. போன் கடைக்காரரிடம் சொல்லிச் செய்தி அடிக்கச் சொன்னார். 'அப்பா சார்பா வேற யாரும் பேச வேண்டாம்' என்று பதில் வந்தது. வேறு ஆப் ஏற்றிக்கொள் என்று மகளிடம் சொல்ல வேண்டுமானாலும் அதற்கும் வாய் வேண்டுமே. கடைக்காரர்தான் திரையைத் துழாவிப் பார்த்து, இந்தக் கம்பெனி இதே ஊரில் இருக்கிறது, இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம் என்றார்.

அன்றைக்கு மாலை வடிகட்டி அவசரத்தின் அறைக்குப் போனாள்.

"இது எத்தனை பேருக்கு மேடம்?"

"தெரியல சார்."

"எண்ணிக்கை இல்லாம நான் மேல என்ன சொல்றது?"

"புகார் சொல்லணும்னா பேசணும். பேசினா கேக்காது. அப்புறம் எண்ணிக்கை எங்கிருந்து சார் வரும்?"

அவசரம் பேனாவை மேசையில் தட்டினார். பழைய பொத்தானைத் திரும்பவும் வைப்பதென்றால் திரை மாற வேண்டும், எல்லா மொழியிலும் மாற வேண்டும், இப்போது நேரமில்லை என்றார். "நீங்க வேணும்னா தனியா பாருங்க. ஆபீஸ் நேரத்துல வேண்டாம்."

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. விடுமுறை நாளில் கட்டடம் காலியாக இருக்கும். ஏலக்காரர் பத்து மணிக்கு வந்துவிடுவார். சட்டைப்பையில் இரண்டு உபரி பேட்டரி. "இது தீந்துச்சுன்னா நான் ஊமை. என் சம்சாரம் இருந்திருந்தா எல்லா பேட்டரியையும் ஒளிச்சு வச்சிருப்பா," என்பார். சிரிப்பார். குரல்வளை இல்லாதவருக்குச் சிரிப்பில் ஒலி கிடையாது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணோரம் சுருங்கும். முதல் நாள் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அவருக்கென்று தனியாக இரைச்சல் நீக்கத்தை அணைத்து வைப்பது சுலபம். அதை முதல் வாரமே செய்து பார்த்தாள். அவர் வீடு முக்கியச் சாலை மேல். குரலும் பஸ்ஸும் கருவியின் ரீங்காரமும் ஒன்றாகக் கலந்து, சொல் பாதிதான் புரிந்தது. மகள் இரண்டு நிமிடத்தில் காதைப் பொத்திக்கொள்வாள். அது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அவர் பேச்சு நன்றாகப் போய்ச் சேர வேண்டும். அரைகுறையாகப் போனால் மகள் மறுபடி வைத்துவிடுவாள்.

அவர் பேச, அவள் பதிவு செய்தாள். செய்தித்தாள் படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாறினார். "எது வேணும்னாலும் பேசுங்கய்யா" என்றாள். அவர் ஏலம் விட ஆரம்பித்தார். கத்தரிக்காய், முட்டைக்கோஸ், உருளை; ஒரு தரம், ரெண்டு தரம். அந்த ஒற்றைச் சுருதிக் கருவியை வைத்துக்கொண்டே உதடும் நாக்கும் பறந்தன. அவள் வாழ்க்கையில் காய்கறி பற்றி இவ்வளவு கேட்டதில்லை.

ஆறு சனிக்கிழமை ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. கழிக்காதே என்றால் ரீங்காரம் முழுக்க வந்தது. கொஞ்சம் கழி என்றால் சொல்லும் சேர்ந்து தேய்ந்தது. அவரும் அவரை மூடியிருந்த ரீங்காரமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதை எடுத்தாலும் மற்றது கூடவே வந்தது.

ஏழாவது சனிக்கிழமை அவருக்கு இருமல் வந்தது. பேச்சை நிறுத்தி வாயை இறுக மூடிக்கொண்டார். கருவியை அணைக்க மறந்துவிட்டார். சில நொடிகளுக்கு அது மூடிய வாயோடு கழுத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வடிகட்டி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, அப்படியே இன்னொரு தடவை. வாயைத் திறக்காதீங்க. கருவி மட்டும்."

பத்து நொடி. சொல்லே இல்லாமல், கருவியிலிருந்து நேராகக் காற்றில் கசியும் ரீங்காரம் மட்டும். அது அவர் இல்லை. கருவி. இதுநாள்வரை பேச்சோடு பிணைந்து கிடந்ததை அவளால் தனியாகப் பார்க்க முடியவில்லை. இப்போது அதன் அளவு கையில் கிடைத்துவிட்டது. வாய் திறந்து பேசும்போது வருவதில் இந்த அளவை மட்டும் எடுத்துவிட்டால் மீதி அவருடையது. அது சீராகவும் இல்லை. சுருதிதான் மாறாமல் இருந்ததே தவிர, உதடு குவியும்போதும் நாக்கு மடியும்போதும் ஒலியின் வடிவம் நொடிக்கு நாலைந்து தடவை மாறிக்கொண்டே இருந்தது. அவள் நிரல் சுருதியையும் வலுவையும் பார்த்ததே ஒழிய, வாய் என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நிரலை மாற்றி எழுத மூன்று வாரம் ஆயிற்று. யாராக இருந்தாலும் முதலில் வாயை மூடிக்கொண்டு பத்து நொடி கருவியை மட்டும் ஒலிக்கவிட வேண்டும். அதை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு பேச்சிலிருந்து அந்தக் கசிவை மட்டும் குறைக்கும். வடிவம் மாறிக்கொண்டிருக்கும் ஒலியைத் தொடாது. பஸ்ஸை வழக்கம்போல் கழித்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை மகளை அழைத்தார்கள். அவர் எண்ணைப் பார்த்து எடுக்க மாட்டாள் என்று, வடிகட்டி தன் போனிலிருந்து அழைத்து அவர் கையில் கொடுத்தாள். அந்த நாட்டில் காலை நேரம். நாலு தடவை மணியடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"யாரு?"

ஏலக்காரர் கருவியைக் கழுத்தில் வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"சாப்டியா?"

மறுபக்கம் அமைதி. வடிகட்டியின் கண்கள் திரையில் இருந்தன. ஒலி வெளியே போயிருக்கிறது, தரைமட்டம் இல்லை, போயிருக்கிறது.

"அப்பா?"

"ஆமாம்மா."

"அப்பா, நீங்க... இவ்வளவு நாள் ஏன்ப்பா பேசல?"

"பேசினேன்மா. பதினோரு தடவையும் பேசினேன். போன் முழுங்கிடுச்சு."

"என்ன பேசினீங்க?"

"நான் சொன்னது தப்புன்னு."

மகள் அழுதாள். அழுகை நிற்கும்வரை காத்திருக்க அவருக்குத் தெரியவில்லை. "அழாத. கத்தரிக்கா ஒரு தரம், கத்தரிக்கா ரெண்டு தரம்" என்றார். மகளின் சின்ன வயதில் அழுகையை நிறுத்த அப்படித்தான் செய்வாராம். அழுகையோடு சிரிப்பும் கலந்து வந்தது. அவர் தோளும் குலுங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒலி இல்லை, அனுப்புவதற்கு ஒன்றுமில்லை. மறுமுனையில் மகள் பதறினாள். "அப்பா? மறுபடியும் கட்டாயிடுச்சா? அப்பா!"

வடிகட்டி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ச் சொன்னாள்: "இல்லம்மா. சிரிக்கிறார்."

"நீங்க யாரு?"

"இங்க வேலை பாக்கறேன்," என்றாள். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

தாழ்வாரத்தில் விளக்கு எரியவில்லை. வரிசையாகக் காலி மேசைகள். பஞ்சுக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று அவள் காதுக்கே கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டிய அறை அது. சுவரில் சாய்ந்து நின்றாள். தனக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும்போல் இருந்தது. அலுவலகப் போனிலிருந்து அண்ணனுக்கு அடித்தாள்.

"என்னாச்சு? சனிக்கிழமையில கூப்பிடற?" அண்ணன் பயந்துவிட்டான்.

"ஒண்ணுமில்லண்ணா. அண்ணி முட்டி எப்படி இருக்கு?"

"முட்டியா? அது ஆபரேஷன் பண்ணி எட்டு மாசம் ஆச்சு. மாடிப்படி ஏறி இறங்கறா."

"ஓ. நல்லதுண்ணா."

"சரி, நாளைக்குப் பேசறேன்" என்று அண்ணன் வைத்தான். குரல் எப்படி இருந்தது என்று அவள் கவனிக்கவில்லை என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

ஒரு ஆளுக்குச் சரிசெய்தது அவளுக்குப் போதவில்லை. பொத்தானை எடுத்தது அவள் கை. கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு வரும் அழைப்புகளின் மூல ஒலியை, வடிகட்டுவதற்கு முன்னால் உள்ளபடி, முப்பது நாள் வைத்திருப்பார்கள். அதில் 'வாடிக்கையாளர் பேசவில்லை' என்று குறித்து மூடப்பட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. அனுமதி வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரும்பாலும் உண்மையாகவே காலி. கை பட்டு அழைத்தவை, பைக்குள்ளிருந்து போனவை. பத்தொன்பதில் ஆள் இருந்தார்கள். வண்டுக் குரலில் ஒரு பெண் "ஹலோ, இருக்கீங்களா" என்று நாற்பது நொடி கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொருவருக்குக் கருவிகூட இல்லை, மூச்சால் மட்டும் கிசுகிசுத்தார். எதிர்ப்பக்கத்தில் ஊழியர் மரியாதையாக "தாங்கள் பேசாததால் இணைப்பைத் துண்டிக்கிறோம்" என்று சொல்வதும் பதிவாகியிருந்தது.

பத்தொன்பதையும் கொண்டுபோய் அவசரத்தின் மேசையில் வைத்தாள். "எண்ணிக்கை கேட்டீங்களே சார்."

அவர் இரண்டைக் கேட்டார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதுக்கருவியைக் கழற்றினார். வாயில் வழக்கமான சொல் வரவில்லை. "பொத்தானையும் வச்சிடுங்க, இதையும் வச்சிடுங்க. மேல நான் பேசிக்கறேன்," என்றார்.

அடுத்த பதிப்பில் இரண்டும் வந்தன. அமைப்புகளுக்குள் நாலு திரை தள்ளி, கண்ணுக்குத் தெரியாத மூலையில்தான். ஆனாலும் வந்தன. கிசுகிசுக் குரலுக்கு அவளால் முழு விடை காண முடியவில்லை. அதற்குப் பொத்தானை அணைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதைத் தன் குறிப்பில் அப்படியே எழுதிவைத்தாள்.

ஏலக்காரர் பிறகு இரண்டு சனிக்கிழமைதான் வந்தார். சோதிக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்து பேசினார்கள். "முன்னெல்லாம் என் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் கெஞ்சுவாங்க. ஏத்திவிட்டவங்க நீங்க ஒருத்தர்தான்," என்றார். மூன்றாவது வாரம் வரவில்லை. மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புறப்படுவதற்கு முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அவள் கூட்டத்தில் இருந்தாள். வரவேற்பு மேசைப் பெண் அவரோடு அரைமணி பேசிக்கொண்டிருந்தாளாம். "நல்லா சிரிக்கச் சிரிக்கப் பேசறார் மேடம். உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுட்டார்."

வடிகட்டி மேலும் மூன்று சனிக்கிழமை அலுவலகம் போனாள். வேலை இருக்கிறது என்று காவலாளியிடம் சொன்னாள். உள்ளே போய் அவர் பதிவுகளைத் திறந்தாள். கேட்கக் கேட்க, ஒலியின் தரம் எப்படி என்று பார்க்கத் தோன்றவில்லை. கத்தரிக்காய் விலை ஏறியதா இறங்கியதா என்றே காது போயிற்று. பதினான்கு மணி நேரப் பேச்சு. அதில் அவள் பேசியது "ம்", "இன்னொரு தடவை", "வாயை மூடிக்குங்க". அவ்வளவுதான். அவர் எத்தனையோ கேட்டிருந்தார்: வீட்டுல யாரு இருக்கா, எந்தப் பக்கம் வீடு, ஞாயித்துக்கெழமை என்ன செய்வீங்க. பதிவில் கேள்வி இருந்தது, பதில் இல்லை.

நாலாவது சனிக்கிழமை அலுவலகம் போகவில்லை. காலையில் பஸ் பிடித்து மொத்தச் சந்தைக்குப் போனாள். ஏதோ பார்க்க வேண்டும் என்றுதான். லாரிகள் பின்பக்கம் திறந்து நின்றன. தரையெல்லாம் முட்டைக்கோஸ் இலை வழுக்கியது. ஆட்கள் தோளில் மூட்டையோடு "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு சின்ன வயதுக்காரர் மேடையில் ஏறி, கையில் ஒலிபெருக்கி வைத்து ஏலம் விட்டார். கரகரவென்று தெறிக்கும் மட்டமான ஒலிபெருக்கி. வேறு நாளாக இருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் கூட்டத்தோடு நின்று கடைசிவரை கேட்டாள்.

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் நின்றிருந்தாள்.

"என்ன வேணும்மா?" என்றார் அவர்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "தக்காளி," என்றாள்.

"சில்லறை கிடையாது. கூடையாத்தான் எடுக்கணும்."

எடுத்தாள். ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தனியாள் சாப்பிட்டால் மழைக்காலம் வரும்வரை வரும், அதற்குள் அழுகிவிடும். கூடையைச் சமையலறையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரங்களில் பிரித்துப் போட்டு எடுத்துக்கொண்டு, அதே மாடியிலிருந்த மற்ற வீடுகளின் அழைப்பு மணியை அடித்தாள். அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் முதல் தடவை.

முதல் வீட்டில் திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒருவர் கதவை ஒரு சாண் திறந்து, விற்க வந்தவள் என்று நினைத்து "வேண்டாம்" என்று சாத்தினார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எதிர் வீடுங்க. தக்காளி நிறைய இருக்கு. அதான்..."

"எதிர் வீடா?" அந்தப் பெண் அவள் தோளைத் தாண்டிப் பார்த்தாள். "அங்க ஆள் இருக்காங்களா? ஒரு சத்தமும் வராது. காலி வீடுன்னே நெனச்சுட்டு இருந்தேன்."

வடிகட்டி பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். உள்ளே ஏதோ தீயும் வாசனை வர, "ஐயோ, இருங்க" என்று ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மின்விசிறி கடகடவென்று ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது, அடுப்பில் ஏதோ சீறியது. பாத்திரம் திரும்பி வர வேண்டுமே என்று வாசலிலேயே நின்றாள்.